13 மாத்திரை அட்டைகளுக்குப் பின்னால்

கருத்தடை மாத்திரை வாங்க வந்த பெண்ணிடம் ஒரு அட்டையைக் கொடுத்து அடுத்த மாதம் வரச் சொல்வதா, வருஷத்துக்கே போதுமான 13 அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுவதா? அட்டைக்கு 28 நாள், 13 அட்டைக்கு 364 நாள். கவுண்டரில் நிற்பவர் அரை நிமிஷத்தில் முடிவெடுத்துவிடுகிற சமாசாரம். இதை ஆராய்வதற்கு அரசு வழிசெய்ய, 84,401 பெண்களின் கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? இதைப் படித்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லத் தோன்றுகிறது எனக்கு!

இடம் கலிபோர்னியா. வருமானம் குறைந்தவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையை இலவசமாகத் தரும் 'ஃபேமிலி பேக்ட்' என்ற மாநில அரசுத் திட்டம் அங்கே 1997 முதல் நடக்கிறது. 2006 ஜனவரியில் அதன்வழி மாத்திரை வாங்கியவர்கள்தான் இந்த 84,401 பேர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்து ஆய்வாளர்கள் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கவில்லை. யாருக்கு எத்தனை அட்டை போனது என்று பில்களைப் பார்த்தார்கள். அந்த வருஷம் அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிவான கர்ப்பங்களோடு அதைப் பொருத்தினார்கள். அவ்வளவுதான்!

2011இல் முடிவு வந்தது. வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிப்போனவர்கள் திட்டமிடாமல் கருத்தரிக்கும் வாய்ப்பு, ஒன்றோ மூன்றோ அட்டை வாங்கியவர்களைவிட 30 சதவீதம் குறைவு. மாத்திரை அதே மாத்திரை! சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை இது. மொத்தமாக வாங்கியவர்கள் இயல்பிலேயே முன்யோசனை உள்ளவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனாலும் காரணம் யூகிக்க முடியாததா? அட்டை தீர்ந்தால் லீவு போட வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், கிளினிக் திறந்திருக்க வேண்டும். நடுவில் சில நாள் மாத்திரை விட்டுப்போனால் போதும், கரு தங்கிவிடலாம்.

அமெரிக்க மத்திய அரசும் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பணம் தருகிறது. 1970 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அதிபர் நிக்சன் 'டைட்டில் டென்' சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏழைகளுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குகளுக்கு மானியம் தருவதுதான் அதன் முக்கிய வேலை. ஆனால் உள்ளே 1004 என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆராய்ச்சிக்கென்றே! சேவை கொடுக்கும் கையோடு, அது சரியாகப் போய்ச் சேருகிறதா என்று கேட்பதற்கும் காசு வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். மேரிலாந்தின் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., கருத்தடை ஆராய்ச்சிக்கும் மானியம் தருகிறது. விண்ணப்பங்களை அலசும் கூட்டத்துக்குள் வெளியாட்கள் நுழைய முடியாது. ஆனால் கூட்டம் நடக்கும் விதம் முழுக்க விதிமுறைகளாகப் பொதுவில் கிடக்கிறது. எட்டிப் பார்க்கலாம், வாருங்கள்!

பெரிய மானியம் ஒன்றுக்கு விண்ணப்பித்தால், ஆய்வின் நோக்கத்துக்கு ஒரே பக்கம். ஆய்வுத் திட்டம் 12 பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கூடாது. எழுத்தின் அளவு 11 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஓரம் அரை அங்குலமாவது விட வேண்டும். கடைசி நாள் மாலை 5 மணிக்குள் அனுப்பியாக வேண்டும். வருஷக்கணக்கில் மனதில் ஊறிய கேள்வி இந்தச் சின்னக் கூண்டுக்குள் அடங்கியாக வேண்டும்.

பிறகு கூட்டம். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பெரும்பாலும் மூன்று நிபுணர்கள் வரிவிடாமல் படித்து வந்திருப்பார்கள். மதிப்பெண் நம் பரீட்சைக்கு நேர் தலைகீழ்: 1 என்றால் பிரமாதம், 9 என்றால் மோசம். ஆரம்ப மதிப்பெண்ணில் பின்தங்கியவை, ஏறக்குறைய பாதி, விவாதத்துக்கே வருவதில்லை. விண்ணப்பித்தவரோடு தொடர்புள்ள உறுப்பினர் இருந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். கதவு சாத்திய பிறகுதான் பேச்சே தொடங்கும்! பெண்களின் அந்தரங்க விவரம் எப்படிக் காக்கப்படும் என்று கேட்காமல் விடமாட்டார்கள். ஒருவர் 2 என்று வந்திருப்பார், இன்னொருவர் 5 என்று வந்திருப்பார்; வாதம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் கூட்டத்தில் இருக்கும் உறுப்பினர்கள் எல்லோருமே தனித்தனியாக, ரகசியமாக மதிப்பெண் போடுகிறார்கள். சராசரியைப் பத்தால் பெருக்கினால் விண்ணப்பத்தின் தலையெழுத்து தெரியும். அதன்பின் ஆலோசனைக் குழு, நிதி நிலவரம் என்று இன்னும் சில படிகள்.

பதின்மூன்று அட்டைக் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? வருஷத்துக்கான மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே மருத்துவர்களுக்கு வழிகாட்டுகிறது, 13 அட்டை என்று எண்ணிக்கையோடு. ஓரிகன் மாநிலம் 2015இல் சட்டமே போட்டுவிட்டது: முதல் முறை 3 மாதத்துக்கு, அது ஒத்துக்கொண்டால் அடுத்து 12 மாதத்துக்கும் சேர்த்து, காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தே தீர வேண்டும். பிறகு மற்ற மாநிலங்களும் வரிசையாக அதே வழிக்கு வந்தன.