உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கையில் கண் வைத்த பூதம்

மழை விட்ட ஓர் இரவு, சேலையூரில் அக்கா வீட்டில் 'பேன்ஸ் லேபிரிந்த்' பார்த்தோம். 2006இல் வந்த ஸ்பானிஷ் படம். போஸ்டரில் சிறுமி, மரம், நிலா. குழந்தைகள் படம் என்று நம்பி அக்கா மகளையும் உட்கார வைத்தோம். ராணுவ கேப்டன் ஒருவன் பாட்டிலால் ஒரு விவசாயியின் முகத்தைச் சிதைக்கும் காட்சி வந்ததும் அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். உடனே தூங்க அனுப்பிவிட்டோம். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ். 17 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். இதை முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆஸ்கர்? மூன்று: ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை.

ஒப்பனைக்கு ஏன் என்பது அந்தப் பூதத்தைப் பார்த்தால் புரியும். முகத்தில் கண்ணே இல்லை. தட்டில் கிடக்கும் இரண்டு விழிகளை எடுத்து உள்ளங்கைகளில் செருகி, கைகளை முகத்துக்கு நேரே விசிறிபோல் விரித்துப் பார்க்கிறது. நடித்தவர் டக் ஜோன்ஸ். மூக்குத் துளை வழியாகத்தான் அவரால் வெளியே பார்க்க முடிந்தது. ஆட்டுக்கால் கொண்ட ஃபான் வேடமும் அவருடையதே. ஸ்பானிஷ் தெரியாமலே வசனங்களை நெட்டுருப் போட்டு நடித்தார். நாம் கேட்பது பாப்லோ அதான் என்பவரின் பின்னணிக் குரல். கோடம்பாக்கத்து டப்பிங் கலைஞர்களை அறிந்த நமக்கு இந்த உழைப்பின் அருமை தெரியும்.

படத்தில் 'பேன்' என்ற கிரேக்க தெய்வம் வருவதே இல்லை. ஆங்கிலத் தலைப்பில் சேர்த்துவிட்டார்கள். ஸ்பானிஷ் தலைப்பின் பொருள் 'ஃபானின் புதிர்ப்பாதை'.

இயக்குநர் கியெர்மோ தெல் தோரோ மெக்சிகோக்காரர். முந்தைய ஸ்பானிஷ் படத்தின் ஆங்கில சப்டைட்டில் மனம் நோகச் செய்ததால், இதற்குத் தானே எழுதினார். சப்டைட்டிலை நம்பியே உலகப் படம் பார்க்கும் எனக்கு இது பெரிய விஷயம்.

கதை நடப்பது 1944இல். 1939இல் உள்நாட்டுப் போர் முடிந்து, பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் ஸ்பெயின் இருந்த காலம். எனக்குப் பூதத்தைவிட அந்தக் கேப்டனைக் கண்டுதான் அதிகம் பயம். பூதம் விருந்து மேசையில் கை வைத்தால்தான் விழிக்கும். அவனுக்குக் காரணமே தேவையில்லை.

மாயக்கதையில் ரத்தமும் பலியும் நமக்குப் புதிதல்ல. 'பாதாள பைரவி'யில் (1951) நேபாள மந்திரவாதி, தைரியசாலி ஒருவனைப் பலி கொடுத்து வரம் வாங்கப் பார்க்கிறான். எஸ்.வி.ரங்காராவின் அந்தக் குரலும் கண்ணும் இன்றும் நடுங்க வைக்கும். தயாரித்த நாகிரெட்டி, சக்கரபாணி இருவரும்தான் 1947இல் 'அம்புலிமாமா' சிறுவர் இதழைத் தொடங்கியவர்கள். 1952இல் பம்பாயில் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படமும் இடம்பெற்றது. அங்கு வந்திருந்த வெளிநாட்டாருக்கு அதுதான் புரியாத மொழியில் ஒரு மாயப்படம்.

அக்கா மகளுக்கு அடுத்த வாரம் அதைத்தான் போட்டுக் காட்டப் போகிறேன்.