குதிரை ஏறிய ஞாயிற்றுக்கிழமை

1989-ம் வருஷம். எனக்கு எட்டு வயது. சித்தப்பா கல்யாணத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வந்திருந்தோம். மறுநாள் சாயங்காலம் எல்லோருமாக மெரீனாவுக்குப் போனோம். அண்ணன் குதிரையில் ஏறினான். நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "பொட்டப் பிள்ளைக்குக் குதிரை என்னடி குதிரை!" என்று பாட்டி முதுகில் ஒன்று வைத்தாள். நான் அழுததைப் பார்த்து அப்பா ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். சுண்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குதிரையை நான் மறக்கவே இல்லை.

இப்போது நான் திருவல்லிக்கேணிவாசி. கூப்பிடு தூரத்தில் கடற்கரை. ஆனாலும் சமையல், துணி, பள்ளிக்கூடம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. அரையாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து வயது மகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். "இன்னிக்கு நான் குதிரை ஏறணும்மா" என்று முதல் நாள் ராத்திரியே மகள் சொல்லி வைத்திருந்தாள்.

1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை போட்டு 'மெரீனா' என்று பேர் வைத்த கடற்கரை இது. 1959-ல் வைத்த உழைப்பாளர் சிலையைத் தாண்டி மணலில் இறங்கினோம். பழுப்பு நிறக் குதிரை ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. குதிரைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மகளை ஏற்றிவிட்டு, லகானைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகாராணிதான்.

வினை இறங்கும்போது வந்தது. தம்பி இந்தப் பக்கம் கை நீட்ட, இவள் அவசரப்பட்டு அந்தப் பக்கம் குதித்துவிட்டாள். குதிரை மிரண்டு ஓரடி நகர்ந்தது. இவள் முழங்கால் தரையில் பட்டு விழுந்தாள். மணலில் கிடந்த உடைந்த கிளிஞ்சல் நன்றாகவே கிழித்துவிட்டது. சுற்றிலும் குதிரை லத்தி. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். குதிரைக்காரனுக்குக் காசு கொடுக்கக்கூட மறந்து போனேன்.

"காபித்தூளை வச்சு அமுக்கு, ரத்தம் நிக்கும்" என்றார்கள் மாமியார். என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். "வேண்டாம் அத்தை, முதல்ல கழுவலாம்" என்று சொல்லி, குழாயடியில் உட்கார வைத்து சோப்புப் போட்டு மணல் போகும்வரை கழுவினேன். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றது. அப்புறம்தான் தடுப்பூசி அட்டை ஞாபகம் வந்தது.

பீரோவைக் குடைந்து எடுத்தேன். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் எல்லாம் போட்டிருந்தது. ஒன்றரை வயதில் போட்டதும் இருந்தது. ஐந்து வயதுக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அது 2020-ம் வருஷம். ஊரடங்கில் வெளியே போகப் பயந்து, 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று விட்டது. அந்த 'அப்புறம்' வரவே இல்லை. தப்பு என் மேல்தான். வயிற்றைப் பிசைந்தது.

அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா அட்டையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்கள்: "ரண ஜன்னிக் கிருமியோட வித்து மண்ணுல வருஷக்கணக்கா சாகாம இருக்கும். குதிரை, மாட்டோட குடல்லயும் அது இருக்கறதால லத்தி, சாணி கலந்த மண்ணுல காயம் பட்டா கவனமா இருக்கணும். துருப்பிடிச்ச ஆணி குத்தினாத்தான் வரும்னு நினைச்சுக்காதீங்க. காபித்தூள், மஞ்சள்தூள், சாணி எதையும் காயத்துல வைக்கக் கூடாது. நீங்க கழுவினதே பெரிய வைத்தியம்." சின்ன வயதில் நான்கு தடவை போட்டிருப்பதால் பயப்பட வேண்டாம் என்று சொல்லி, பத்து வயதில் போட வேண்டிய டி.டி. ஊசியை அன்றைக்கே போட்டார்கள். ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி அது. பைசா செலவில்லை.

"குதிரையாலதானே இந்தப் பாடு!" என்று நான் புலம்பியதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். "குதிரையைத் திட்டாதீங்க. பாம்புக்கடிக்குப் போடற மருந்தே அதோட ரத்தத்துலேருந்துதான் வருது" என்றார்கள். பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றினால் அதன் உடம்பே முறிவை உண்டாக்கிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுத்துத்தான் நமக்குப் போடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொடுக்கிறவர்களில், 1978-ல் தொடங்கி வடநெம்மேலியில் நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. முன்பெல்லாம் ரண ஜன்னிக்குக் கொடுத்த எதிர்மருந்தும் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்ததுதானாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சாயங்காலம் காசு கொடுக்கப் போனோம். "பாப்பாவுக்கு எப்படி இருக்குக்கா? காசெல்லாம் வேணாம், விழுந்துடுச்சே" என்றான் அந்தத் தம்பி. வற்புறுத்திக் கையில் வைத்தேன். "அம்மா, நீ ஏறு" என்றாள் மகள். எனக்குக் கூச்சம். நாலு பேர் பார்ப்பார்களே! மாமியார் சுருக்குப் பையை அவிழ்த்து இன்னொரு நூறு ரூபாயை நீட்டினார்கள். "சுடிதார்தானே போட்டிருக்கே, ஏறு. என்னாலதான் முடியலை."

ஏறினேன். இத்தனை உயரமா! முதுகு தானாக நிமிர்ந்தது. தம்பி ஈர மணல் பக்கமாக நடத்திப் போனான். "காய்ஞ்ச மணல்ல கால் புதையுங்கக்கா, குதிரைக்கு நரம்பு இழுத்துக்கும்" என்றான். தூரத்தில் கலங்கரை விளக்கம், காலடியில் நுரை, முகத்தில் உப்புக் காற்று. பத்து நிமிஷம்தான். இறங்கும்போது தொடை நடுங்கியது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. மாமியார் ஒரு பொட்டலம் சுண்டலோடு நின்றிருந்தார்கள். இந்தத் தடவை குதிரையும் கிடைத்தது, சுண்டலும் கிடைத்தது!

பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றும் சகோதரிகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

• குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது கண்ணில் படாது. பின்னால் போனால் மிரண்டு உதைக்கும். தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

• காதைப் பின்னால் மடக்கி வைத்திருந்தால் அது கோபத்தில் இருக்கிறது. அப்போது ஏற்றாதீர்கள்.

• ஏறுவதும் இறங்குவதும் குதிரையின் இடது பக்கம்தான் வழக்கம். குதிரைக்காரர் பிடித்த பிறகே இறங்க வேண்டும்.

• அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். முழுக்க நுழைத்தால் விழும்போது மாட்டிக்கொள்ளும்.

• பறக்கும் துப்பட்டா, செருப்பு வேண்டாம். மூடிய காலணி நல்லது. குதிரையேற்ற ஹெல்மெட் கிடைக்காவிட்டால் பிள்ளையின் சைக்கிள் ஹெல்மெட்டையாவது மாட்டிவிடுங்கள்.

• கர்ப்பிணிகளும், முதுகுத்தண்டிலோ எலும்பிலோ தொந்தரவு உள்ளவர்களும் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

• லாடம் கழன்று, மூச்சிரைத்து, புண்ணோடு நிற்கும் குதிரையில் ஏறாதீர்கள். அதுவும் வாயில்லா ஜீவன்தானே.

கடற்கரைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதற்கு முன் பீரோவைத் திறந்து பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஐந்து, பத்து, பதினாறு வயதுக் கட்டங்களில் எதுவாவது வெறுமையாக இருந்தால், 'அப்புறம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.