ஓடி முடித்த குதிரையின் கால்கள்

நம் தோட்டங்களில் எல்லைச் சாமியாக முனீஸ்வரரையோ ஐயனாரையோ வைத்துக் கும்பிடுகிறோம். கோயில் வாசலில் ஒரு சுதைக் குதிரை முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கும். சிறு வயதில் அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். ஆனால், உயிருள்ள குதிரையின் காலைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

என் சித்தப்பா தொட்டுப் பார்த்தவர். நெகிரி செம்பிலான் தோட்டத்து லயத்தில் பிறந்து, பிழைப்புக்காகப் பந்தய லாயத்துக்குப் போனவர். அங்கே குதிரையைக் கவனிக்கும் ஆளை 'சைஸ்' என்பார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாலும் பொழுது சாய்ந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "இந்நேரம் கால் பார்க்கணுமே" என்று கைகளைப் பிசைந்துகொண்டிருப்பார். குதிரை ஓடும் அழகை ஊரே பார்க்கும். ஓடி முடித்த பிறகு அதன் கால் என்ன ஆனது என்று பார்ப்பது அந்த ஒரு மனிதரின் வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

வாங்கத் தெரிந்தது, வளர்க்கத் தெரியவில்லை

குதிரை தமிழ்நாட்டுக்குக் கடல் கடந்து வந்த செல்வம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். அரசரும் அவருடைய உடன்பிறந்தார் நால்வரும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ஆண்டுதோறும் வாங்கினார்களாம். ஆண்டு முடிவதற்குள் நூறு குதிரைகள்கூட மிஞ்சவில்லையாம். காரணம் என்ன? குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும், அதற்கு வைத்தியம் தெரிந்தவர்களும் அங்கே இல்லை என்பதே அவர் சொல்லும் காரணம். எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதல் இருந்தாலும் இருக்கலாம். ஆனாலும் செய்தி தெளிவானது. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கிவிடலாம். அதைப் பேணும் அறிவைப் பழகித்தான் பெற வேண்டும்.

அந்த அறிவைப் பிற்காலத்தில் கைத்தொழிலாகவே பழகிக்கொண்ட தமிழர்கள் மலாயாவில் இருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறித் தோட்டத்தைச் சுற்றி வந்த காலத்தில், அந்தக் குதிரைக்குத் தீனி வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. பின்னர் பந்தய மன்றங்களின் லாயங்களுக்கும் நம்மவர் போனார்கள். 1896-இல் தோன்றிய சிலாங்கூர் பந்தய மன்றத்தின் ஓடுதளம் நெடுங்காலம் கோலாலம்பூர் அம்பாங் சாலையில் இருந்தது. அது சுங்கை பீசிக்கு இடம் மாறிய பின், பழைய இடத்தில்தான் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. சிங்கப்பூரில் 1843-இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பந்தயத்தில் பணத்தைத் தொலைத்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆகவே அது முடிந்ததற்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனால், அந்த லாயங்களில் வளர்ந்த கைப்பக்குவமும் சேர்ந்து போய்விடக் கூடாது. குதிரையேற்றப் பள்ளிகளும் நெடுந்தூர ஓட்டமும் இருக்கும்வரை அது தேவைப்படும்.

தசையில்லாத கால்

குதிரையின் காலில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? தொடையைப் பாருங்கள்; தசை திரண்டு நிற்கும். முன்னங்கால் முட்டிக்குக் கீழே பாருங்கள். தசை என்பதே இல்லை எனலாம். எலும்பு, அதன் பின்புறம் கயிறுபோல் இறங்கும் தசைநாண், மேலே தோல், அவ்வளவுதான். இந்தத் தசைநாணைச் சித்தப்பா 'பின்நரம்பு' என்பார். உண்மையில் அது நரம்பன்று. தசையை எலும்போடு பிணைக்கும் நார். ஓடும்போது அது ரப்பர்போல நீண்டு சுருங்குகிறது. பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அளவோடு இழுத்தால் திரும்பி வரும்; அளவு மீறினால் இற்றுப் போகும்.

1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். ஒரு கணத்தில் நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது அந்தப் படங்களில் தெரிந்தது. எழுந்த உடல் கீழே இறங்கத்தானே வேண்டும்? நாலுகால் பாய்ச்சலில் சில கணங்கள் ஒற்றைக் காலே முழு உடலையும் தாங்குகிறது. பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 500 கிலோ. வேகத்தில் இறங்கும்போது ஒரு முன்னங்கால் அதைப்போல் இரண்டரை மடங்கு சுமையைத் தாங்குகிறது. அதாவது, ஆயிரம் கிலோவுக்கும் மேல்!

இப்படி நீண்டு சுருங்குவதால் தசைநாணின் உள்ளே சூடு ஏறும். பாய்ந்தோடும் குதிரையின் தசைநாண் நடுவில் 45 பாகை செல்சியஸ் வரை வெப்பம் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அங்கே இரத்த ஓட்டம் குறைவு. ஆகையால் சூடு எளிதில் தணியாது. காயம் பட்டாலும் எளிதில் ஆறாது. இதனால்தான் ஓடி வந்த குதிரையைக் கவனிப்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிறார்.

முதல் அரைமணி நேரம்

ஓட்டம் முடிந்ததும் குதிரையைச் சட்டென்று நிறுத்திக் கட்டக் கூடாது. பாய்ச்சலில் அதன் இதயம் நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் துடிக்கும். சும்மா நிற்கும்போது 30 அல்லது 40 தடவைதான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். சேணத்தை இறக்கி, பத்து முதல் இருபது நிமிடம் மெல்ல நடத்த வேண்டும். நடை இரத்தத்தை ஓட வைத்துத் தசையில் சேர்ந்த கழிவை வெளியேற்றும்.

சூடான குதிரை மேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய லாயங்களில் பயந்தார்கள். தண்ணீர் காட்டவும் அஞ்சினார்கள். அந்தப் பயம் தேவையில்லை. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டி கோடை வெக்கையில் நடக்க இருந்ததால், அதையொட்டி ஆய்வுகள் நடந்தன. குளிர்ந்த நீரை உடம்பெங்கும் தாராளமாக ஊற்றுவதே நல்லது என்று அவை காட்டின. நம் நாட்டுப் புழுக்கத்தில் வியர்வை லேசில் காயாது. ஆகவே இங்கே இது இன்னும் முக்கியம். குடிக்கவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டலாம்.

அடுத்து குளம்பு. ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். கல் செருகியிருக்கிறதா, லாடம் நகர்ந்திருக்கிறதா, ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சிறு கல் போதும், மறுநாள் குதிரையை நொண்ட வைக்க.

பிறகு கால்களுக்குக் குளிர்ந்த நீர். ரப்பர் குழாயைப் பிடித்து, முட்டிக்குக் கீழே பதினைந்து இருபது நிமிடம் விடாமல் ஓட விட வேண்டும். ஐஸ் வைப்பதானால் தோலில் நேராக வைக்காமல் நடுவே துணி வைத்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். தேவையானால் சற்றுப் பொறுத்து மறுபடி வைக்கலாம்.

குளிர்ச்சி கொடுத்த பிறகு ஈரத்தைத் துடைக்க மறந்துவிடாதீர்கள். வெட்டுக்காட்டில் ஈரக் காலோடு திரிந்தால் நமக்குச் சேற்றுப்புண் வருகிறதல்லவா? குதிரைக்கும் அப்படித்தான். குளம்புக்கு மேலே, பின்புறக் குழிவில் தோல் வெடித்துப் புண்ணாகும். மழைக்காலத்தில் அந்த இடத்தைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும்.

கட்டுப் போடுவதும் ஒரு கலை. முதலில் தடிப்பான பஞ்சு மெத்தை, அதன் மேல் துணிக்கட்டு. மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான இறுக்கம் வேண்டும். ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால், காக்க வேண்டிய கட்டே தசைநாணைக் கெடுத்துவிடும். எரிச்சல் தரும் தைலத்தைத் தேய்த்து அதன் மேல் கட்டுப் போட்டால் தோல் கொப்புளித்துவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கட்டை அவிழ்த்துக் காலைப் பார்த்துவிட வேண்டும்.

மறுநாள் காலைச் சோதனை

சித்தப்பா அடிக்கடி சொல்வார்: "சாயங்காலம் எல்லாக் காலும் சூடுதான். விடியற்காலையில் எந்தக் கால் சூடோ, அதுதான் கெட்ட கால்." அவர் சொல்வது சரி. ஓடிய சூடு இரவில் தணிந்துவிடும். காயத்தின் சூடு தணியாது.

அவர் எப்படிப் பார்ப்பார் தெரியுமா? விடிவதற்கு முன், குதிரை லாயத்தை விட்டு இறங்குவதற்கு முன், புறங்கையை முட்டியிலிருந்து கீழே மெல்ல இறக்குவார். ஒரு காலைப் பார்த்த உடனே அதே இடத்தில் மறு காலைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் நல்லது. பிறகு காலைத் தூக்கிப் பிடித்துத் தசைநாணை இரண்டு விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே வருவார். குதிரை ஓரிடத்தில் காலை இழுத்தால் அங்கே நிறுத்துவார். கணுவின் பின்புறம் நாடி பார்ப்பார். அது பலமாக அடித்தால் குளம்புக்குள் ஏதோ கோளாறு.

அதன் பின் கெட்டித் தரையில் நேராக நடத்தியும் சிறு ஓட்டம் ஓட்டியும் பார்க்க வேண்டும். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். இந்த அடையாளத்தைக் கண்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டுமே தவிர, கைமருந்து தேடக் கூடாது.

ஒரு வெள்ளிக்காசு அளவு சூடு

இனி, சித்தப்பா என்னிடம் ஒரே ஒரு முறை சொன்ன சம்பவம். அவர் பார்த்து வந்த செவலைக் குதிரை ஒன்று. ஒரு நாள் விடியற்காலையில் அதன் இடது முன்னங்காலின் பின்புறம் சூடு தட்டியது. ஐம்பது காசு வெள்ளி அளவுதான் இருக்கும், வீக்கமில்லை, நொண்டலுமில்லை. மேலாளிடம் சொன்னார். "ஐஸ் வை, சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. ஐஸ் வைத்தார். சூடு மறைந்தது. சனிக்கிழமை குதிரை ஓடியது. கடைசித் திருப்பத்தில் கால் மடங்கிப் பின்தங்கியது. தசைநாண் கிழிந்திருந்தது. அதன் பிறகு அது பந்தயத்தில் ஓடவே இல்லை.

"ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லப் பயந்துட்டேன். வேலை போயிடுமேன்னு" என்றார் சித்தப்பா. அதற்கு மேல் பேசவில்லை.

அன்பர்களே, குளிர்ச்சி வீக்கத்தைக் குறைக்கும், வலியைத் தணிக்கும். கிழிந்த நாரைத் தைக்காது. தசைநாண் காயம் ஆற ஒன்பது மாதம், ஓராண்டு, சில வேளை அதற்கு மேலும் ஆகும். ஆறிய இடத்தில் தழும்பு விழுந்து பழைய இழுவை குறைந்துவிடும். ஆரம்பத்தில் சில வாரம் ஓய்வு கொடுக்க மனமில்லாதவர், பின்னர் ஓராண்டு ஓய்வு கொடுக்க நேர்கிறது.

இதற்கு நல்ல வழி காட்டும் போட்டியும் உண்டு. 2008 நவம்பரில் நம் நாட்டின் திரெங்கானு மாநிலத்தில் நெடுந்தூரக் குதிரை ஓட்டத்தின் உலகப் போட்டி நடந்தது. தூரம் 160 கிலோமீட்டர். இந்த ஓட்டத்தில் வழிநெடுகக் குதிரைகளை நிறுத்தி மருத்துவர்கள் சோதிப்பார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்குள் இறங்கியதா, நடை சீராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறாத குதிரை அங்கேயே விலக்கப்படும். கோட்டை முதலில் தாண்டினாலும் கடைசிச் சோதனையில் நொண்டினால் வெற்றி இல்லை! ஓடிய பிறகு கால் நன்றாக இருந்தால்தான் ஓட்டமே கணக்கில் சேரும். எவ்வளவு நல்ல விதி!

நம் பிள்ளைகளின் கால்கள்

கடைசியாக என் தவறையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மாவட்டப் போட்டிக்கு எங்கள் மாணவிகளை அழைத்துப் போயிருந்தேன். வேடிக்கை பார்க்கச் சித்தப்பாவும் வந்திருந்தார். 100 மீட்டரில் முதலாவதாக வந்த பிள்ளை, அஞ்சல் ஓட்டத்துக்கு முன் காலைச் சற்று இழுத்து நடந்தாள். "வலிக்கிறதா?" என்றேன். "இல்லை சார்" என்றாள். நானும் வலி தெரியாமல் இருக்க மருந்தைத் தெளித்து, ஓடச் சொல்ல இருந்தேன். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே!

சித்தப்பா குனிந்து அவளுடைய இரண்டு குதிகாலுக்கு மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, பிள்ளை வாய் வலிக்கலேன்னு சொல்லுது. கால் வேற சொல்லுதே" என்றார். நான் தயங்கினேன். அவர் விடவில்லை. "தம்பி, இவளை ஓட விடாதே" என்று இரண்டாவது தடவையும் சொன்னார்.

அவள் ஓடவில்லை. கோப்பை வேறு பள்ளிக்குப் போயிற்று. சில வாரம் ஓய்வெடுத்த அந்தப் பிள்ளை, அடுத்த ஆண்டு மறுபடி ஓடினாள்.

குதிரைக்கு வாய் இல்லை. நம் பிள்ளைகளுக்கு வாய் இருந்தும் ஆசிரியர் மனம் நோகுமே என்று சொல்லத் தயங்குகிறார்கள். ஆகவே, ஓடி வந்தவரின் கழுத்தில் மாலை போடுவதற்கு முன், குனிந்து காலைப் பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒரு தடவை பாருங்கள்.