வேர் பிடித்த நாடோடி

உலகம் சுற்றிப் பயிர் சேர்த்த டேவிட் ஃபேர்சைல்ட், வீட்டுத் தோட்டத்தில் கற்றுத்தந்த பாடம்

ஒட்டுக்குச்சியைப் பச்சை உருளைக்கிழங்கில் குத்தி வைத்தால், கிழங்கின் ஈரத்தில் அது சீக்கிரம் காயாது. 1894-ம் ஆண்டு, மத்தியத் தரைக்கடலில் உள்ள கார்சிகா தீவில் 25 வயது இளைஞர் ஒருவர் இதைத்தான் செய்தார். நாரத்தை இனத்தைச் சேர்ந்த சிட்ரான் மரத்தைத் தேடிப் போன அவரை, ஒற்றர் என்று சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்தார்கள். கையில் இருந்த அமெரிக்க அரசின் காசோலையைக் காட்டித்தான் வெளியே வந்தார். ஊரைவிட்டுக் கிளம்பும் வழியில் சில குச்சிகளை வெட்டி, உருளைக்கிழங்கில் செருகி, வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்.

அவர்தான் டேவிட் ஃபேர்சைல்ட். அமெரிக்க வேளாண் துறைக்காக நாடு நாடாகப் போய் விதையும் கன்றும் சேகரித்தவர். அவரும் அவருடைய அலுவலகமும் கொண்டுவந்த பயிர்களும் ரகங்களும் இரண்டு லட்சத்துக்கும் அதிகம் என்று சொல்வார்கள்.

கப்பலில் கிடைத்த நட்பு

ஃபேர்சைல்ட் 1869-ல் பிறந்தார். அப்பா வேளாண் கல்லூரித் தலைவர். 1893-ல் இத்தாலிக்குக் கப்பலில் போகும்போது, பார்பர் லாத்ராப் என்ற செல்வந்தர் அறிமுகமானார். ஜாவா தீவுக்குப் போய் ஆராய்ச்சி செய்யும் ஆசையை ஃபேர்சைல்ட் சொல்ல, லாத்ராப் 1,000 டாலர் கொடுத்தார். பிற்பாடு இருவரும் சேர்ந்தே பல ஆண்டுகள் சுற்றினார்கள். பாக்தாத் பகுதியிலிருந்து பேரீச்சைக் கன்றுகளும், நம் நாட்டிலிருந்து மா ரகங்களும் அந்தப் பயணங்களில்தான் அமெரிக்கா போயின.

ஆனால், அனுப்பிய கன்றுகளில் பல பிழைக்கவில்லை. வழியில் காய்ந்தவை உண்டு. ஊர் வந்து சேர்ந்தும், பார்த்து வளர்க்க ஆளில்லாமல் போனவையும் உண்டு. வெப்பப் பகுதிக் கன்றுகளை வளர்க்க மயாமியில் 6 ஏக்கரில் 1898-ல் ஒரு சோதனைத் தோட்டம் தொடங்கப்பட்டதற்கு இதுவே காரணம். கொண்டுவருவது பாதி வேலை, காப்பாற்றுவது மீதி என்பது அவருக்கு இப்படித்தான் புரிந்தது.

வீடே தோட்டம்

1905-ல் ஃபேர்சைல்டுக்கும், தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் மகள் மரியானுக்கும் திருமணம் நடந்தது. அதன் பிறகு நீண்ட பயணங்களைக் குறைத்துக்கொண்டார். தேடிப் போகும் வேலையை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அலுவலகத்தையும் குடும்பத்தையும் கவனித்தார். கிரகாம், பார்பரா, நான்சி என்று மூன்று பிள்ளைகள்.

வாஷிங்டனுக்கு அருகே வாங்கிய நிலத்தில், ஜப்பானிலிருந்து வரவழைத்த 100 செர்ரி மரங்களைத் தம்பதியர் நட்டு, அந்த மண்ணுக்கும் குளிருக்கும் தாங்குமா என்று பார்த்தார்கள். தாங்கின. ஊரெல்லாம் இந்த மரம் வேண்டும் என்ற ஆசை அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908-ல் நகரப் பள்ளி மாணவர்களுக்குக் கன்றுகளையும் கொடுத்தார்.

வீட்டைச் சுற்றி இருந்த பூச்சிகளை, நீளமான கேமரா அமைத்துப் பெரிதாகப் படம் பிடிப்பதும் கணவன் மனைவி இருவரின் சேர்ந்த வேலை. அந்தப் படங்கள் 1914-ல் புத்தகமாக வந்தன. மகன் கிரகாம் பிற்காலத்தில் பூச்சியியல் விஞ்ஞானி ஆனார்.

எரிக்கப்பட்ட 2,000 மரங்கள்

வாஷிங்டன் நகருக்கு ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 2,000 செர்ரி மரங்கள் 1910 ஜனவரியில் வந்து இறங்கின. பரிசோதித்தபோது பூச்சிகளும் நூற்புழுவும் இருந்தன. மொத்த மரங்களும் எரிக்கப்பட்டன. எரிக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர், ஃபேர்சைல்டின் சிறுவயது நண்பரும் பூச்சியியல் நிபுணருமான சார்லஸ் மார்லட். புதுப் பயிர் வேண்டும் என்பது ஒருவர் கட்சி. அதோடு வரும் பூச்சி ஊரையே அழிக்கும் என்பது மற்றவர் கட்சி. 1912-ல் ஜப்பான் மீண்டும் 3,020 மரங்களை அனுப்பியது; அவை இன்றும் வாஷிங்டனின் வசந்தத்துக்கு அடையாளம். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டமும் வந்தது.

மீண்டும் கடலில்

1916-ல் ஃபுளோரிடாவின் கோகனட் குரோவ் என்ற இடத்தில் நிலம் வாங்கி, 'கம்போங்' என்று பெயர் வைத்தார். மலாய் மொழியில் கிராமம் என்று பொருள். மாவும் மற்ற வெப்பமண்டல மரங்களும் அங்கே வளர்ந்தன. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, 1920-களில் மறுபடியும் கப்பல் ஏறினார். இந்த முறை சில பயணங்களில் குடும்பமும் உடன் வந்தது. 70 வயதைத் தொட்ட பிறகும், 1940-ல், மரியானோடு சீனப் பாய்மரக் கப்பலில் கீழைத் தீவுகளுக்குப் போய்ச் செடி சேகரித்தார்.

1954-ல் தன் 85-வது வயதில், தான் உருவாக்கிய தோட்டத்து வீட்டிலேயே காலமானார். கம்போங் இன்றும் தாவரவியல் தோட்டமாகப் பராமரிக்கப்படுகிறது.

நம் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம், 'பையில் வைத்து ஒரு கன்று கொண்டு வாங்க' என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றிலும் அது பரவியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. விதையோ கன்றோ கொண்டுவர, இந்திய அரசின் இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

பக்கத்து ஊர் நண்பரிடம் நல்ல ரகத்தின் ஒட்டுக்குச்சி வாங்கும்போதும் இதே கவனம் தேவை. பூச்சி, நோய் இல்லாத தாய்மரமா என்று பாருங்கள். ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். புதுக்கன்றை முதல் சில வாரங்கள் மற்ற மரங்களிலிருந்து தள்ளி, தினமும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கன்றும் பிழைக்கும், பிள்ளைகளுக்கும் தோட்டம் பழகும்.