ஒரே ஒரு கைத்துப்பாக்கி: எதைத் தேர்ந்தெடுப்பது?

திருவிழாக் கடையில் பலூன் சுடாதவர் நம் ஊர்ப்பக்கம் அநேகமாக இருக்கமாட்டார். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தவர்கள் ஒருபடி மேலே போய், .22 ரைபிளைத் தரையில் படுத்துச் சுட்டுப் பார்த்திருப்பார்கள். அவர்களில் சிலருக்கு அந்த ஆசை அதோடு விடுவதில்லை. “குறிபார்த்துச் சுடுவதை ஒரு விளையாட்டாகவே பழகினால் என்ன? ஒரு கைத்துப்பாக்கி வாங்குவதென்றால் எதை வாங்குவது?” என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளி வென்றார். 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில் இரண்டு வெண்கலம் பெற்றார். 25 மீட்டர் போட்டியில் நான்காம் இடம் பிடித்தார். ரைபிளில் புகழ்பெற்ற இளவேனில் வாலறிவன் பிறந்த கடலூர், நம் கண்டமங்கலத்திற்கு அப்படியொன்றும் தூரமில்லை.

ஆனால் துப்பாக்கி வாங்குவது சைக்கிள் வாங்குவது போன்றதல்ல. உரிமம் வேண்டும்; பணம் நிறைய வேண்டும்; பிடிக்கவில்லையென்றால் எளிதில் மாற்றவும் முடியாது. எனவே தேர்வு முதல் தடவையே சரியாக அமைய வேண்டும். அதற்கு விளம்பரத்தைவிடப் பத்தாம் வகுப்பு இயற்பியலே நல்ல வழிகாட்டி.

தோட்டாவின் விளிம்பில் நெருப்பு

விளையாட்டுக் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை .22 எல்.ஆர். என்ற தோட்டாவைப் பயன்படுத்துகின்றன. .22 என்பது அங்குலக் கணக்கு; விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். இத்தோட்டா 1887-ல் அமெரிக்காவில் உருவானது.

பெரிய தோட்டாக்களின் அடிப்பாகத்தில், நடுவில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதனுள் பற்றுமருந்து இருக்கும். .22 தோட்டாவில் அந்தக் கிண்ணம் கிடையாது. பித்தளை உறையின் அடி விளிம்பு உள்ளே குழிவாக மடிக்கப்பட்டு, அந்த மடிப்புக்குள் பற்றுமருந்து பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பில் அடித்ததும் மடிப்பு நசுங்குகிறது, மருந்து பற்றுகிறது, உள்ளிருக்கும் வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. இதனால்தான் இதற்கு ‘ரிம்ஃபயர்’, அதாவது விளிம்பில் பற்றும் தோட்டா என்று பெயர்.

ஊசியடிக்கு நசுங்க வேண்டுமானால் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உறை அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இத்தோட்டா வலுக்குறைந்ததாகவே இருக்க முடியும். இந்தக் குறையே நமக்கு நன்மையாகிறது. விலை மலிவு, ஓசை குறைவு, உதைப்பும் குறைவு.

உதைப்பு எவ்வளவு?

ஊசுட்டேரியில் படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நகர்கிறதல்லவா? துப்பாக்கியின் உதைப்பும் அதே கதைதான். குண்டு முன்னே பெறும் உந்தத்திற்குச் சமமான உந்தம் துப்பாக்கிக்குப் பின்னே கிடைக்கிறது.

.22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம், ஒரு சவரனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைத்துப்பாக்கியிலிருந்து அது வினாடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது. உந்தம் 0.0026 × 300 = 0.78 அலகு. துப்பாக்கியின் எடை 1.1 கிலோ என்றால் அது வினாடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அதன் இயக்க ஆற்றல் 0.28 ஜூல் மட்டுமே.

இப்போது 9 மி.மீ. தோட்டாவைப் பாருங்கள். குண்டின் எடை ஏறத்தாழ ஒரு சவரன், 8 கிராம். வேகம் 350 மீட்டர். துப்பாக்கி 0.9 கிலோ என்றால் உதைப்பு ஆற்றல் 4.4 ஜூல் வரும். இது முன்னதைப்போல் சுமார் 16 மடங்கு. (வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் இரண்டுமே சற்றுக் கூடும்.)

புதிதாகப் பழகுபவர் இந்த உதைப்புக்குப் பயந்து, வெடிக்கும் முன்பே கண்ணை மூடுவார், மணிக்கட்டை இறுக்குவார். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதை விடுவிப்பது கடினம். .22-ல் தொடங்கச் சொல்வதற்கு முதற் காரணம் இதுதான்.

எடை ஒரு நண்பன்

அதே .22 தோட்டாவைக் கால் கிலோ எடையுள்ள சிறிய துப்பாக்கியிலிருந்து அதே வேகத்தில் செலுத்துவதாகக் கொள்வோம். உதைப்பு ஆற்றல் 1.2 ஜூல் ஆகிவிடும். கனமான துப்பாக்கியைவிட நான்கு மடங்குக்கும் மேல். சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கி இலக்குப் பயிற்சிக்கு ஏற்றதல்ல என்பது இதிலிருந்தே விளங்கும்.

அதற்காக எடையைக் கூட்டிக்கொண்டே போகலாமா? ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை ஒரு கையில் பிடித்து, கையை நேராக நீட்டிப் பத்து வினாடி நில்லுங்கள். பத்துமுறை திரும்பச் செய்யுங்கள். கடைசியில் தோள் நடுங்குவதைக் காண்பீர்கள். ஒரு போட்டியில் 60 குண்டுகள் சுட வேண்டும். சர்வதேச விதிகள் 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு 1.4 கிலோவை உச்ச எடையாக வைத்துள்ளன. பெரும்பாலோருக்கு ஒரு கிலோவை ஒட்டிய எடை பொருத்தமாக இருக்கும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். குழல் கைக்கு மேல் உயரமாக இருந்தால், உதைப்பு மணிக்கட்டைப் பற்றித் திருப்புவிசையாகி முனையை மேலே தூக்கும். குழல் கையை ஒட்டித் தாழ்ந்திருந்தால் இந்தத் தூக்கல் குறையும். அதிவேகப் போட்டியில் 5 இலக்குகளை 8, 6, 4 வினாடிகளில் சுட வேண்டும். அங்கே முனை உடனே பழைய இடத்திற்குத் திரும்புவதுதான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் பிழை

முன்னே ஒரு குறிமுள், பின்னே ஒரு பள்ளம். இரண்டையும் சமமாக நிறுத்துவதே குறிபார்த்தல். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் 220 மி.மீ. என்று கொள்வோம், விதிகள் அனுமதிக்கும் உச்சமும் இதுவே. குறிமுள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டர் தூரத்தில் என்ன ஆகும்? ஒத்த முக்கோணக் கணக்குப்படி 25,000 ÷ 220 = சுமார் 114 மி.மீ. விலகும்! துல்லியச் சுற்றின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ.தான்.

குறிகளுக்கிடையே 120 மி.மீ. மட்டுமே உள்ள குட்டைத் துப்பாக்கியில் அதே பிழை 208 மி.மீ. ஆகப் பெருகும். ஆகவே குழல் சுமார் 5 அல்லது 6 அங்குலம் இருக்கட்டும். பின்குறியைத் திருகி மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தும் வசதி கட்டாயம் இருக்கட்டும். 25 மீட்டரைக் கடக்கக் குண்டுக்குப் பன்னிரண்டில் ஒரு வினாடி ஆகிறது. அதற்குள் அது சுமார் 3.4 செ.மீ. கீழே விழுகிறது. இதை ஈடுசெய்யவும் பின்குறியைத் திருத்த வேண்டும்.

ட்ரிக்கரின் இழுவை

விரல் எப்போதும் நேர் பின்னாகவே இழுப்பதில்லை. சற்றுச் சாய்ந்தே இழுக்கும். ஐந்து பாகை சாய்ந்தால், 1 கிலோ இழுவையில் 87 கிராம் பக்கவாட்டில் போகிறது. 3 கிலோ இழுவையில் அது 260 கிராம் ஆகிறது. துப்பாக்கியின் எடையே 1 கிலோ என்றால் இது சிறிய தள்ளல் அல்ல.

25 மீட்டர் போட்டிக்கு ட்ரிக்கர் இழுவை குறைந்தது 1 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிட லேசானது ஆபத்து. மிகக் கனமானது துல்லியத்தின் எதிரி. வாங்குமுன் எடைக்கல்லைத் தொங்கவிட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எந்த வகை?

ரிவால்வர் எளிமையானது, அறைகளில் தோட்டா இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் சுத்தியைக் கையால் பின்னே இழுக்காமல் சுட்டால் ட்ரிக்கர் இழுவை 4 கிலோவுக்கு மேலும் போகும். இலக்குப் பயிற்சிக்கு இது இடைஞ்சல்.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில் அமைப்பு வேறு. தோட்டா வலுக்குறைந்தது என்பதால் பின்னடைப்பைப் பூட்டவேண்டிய அவசியமில்லை. அதன் நிறையும் ஒரு சுருள்வில்லும் சேர்ந்து, குண்டு குழலை விட்டு வெளியேறும் வரை அதைத் தாமதப்படுத்துகின்றன. பிறகு அது பின்சென்று வெற்றுறையை எறிந்துவிட்டு, திரும்பும்போது புதுத் தோட்டாவை ஏற்றுகிறது. அசையும் உறுப்புகள் குறைவு. குழல் அசையாமல் நிலையாக இருக்கும். போட்டிக்கெனச் செய்யப்படும் பார்டினி, வால்தர், மோரினி முதலியவை இவ்வகையே. பெயரைவிட, கைப்பிடி உங்கள் உள்ளங்கையில் இடைவெளியின்றி அமர்கிறதா என்று பாருங்கள். உதிரி உறுப்புகள் கிடைக்குமா என்றும் கேளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-ல் நடந்தது) மனு பாக்கரின் காற்றழுத்தத் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாயின. இறுதிச் சுற்றுக்கு அவரால் செல்ல இயலவில்லை.

சட்டமும் பாதுகாப்பும்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி .22 கைத்துப்பாக்கிக்கு உரிமம் தேவை. அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-ல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் பிறருக்கு ஆபத்து நேரும்படி சுடுவதும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. உரிமத்தில் குறித்த அளவுக்குமேல் தோட்டாவும் வாங்க முடியாது.

சிறிய தோட்டா என்று அலட்சியம் வேண்டாம். குழல்முனையில் இதன் ஆற்றல் சுமார் 117 ஜூல். சரியான கோணத்தில் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும். ஆகவே கரும்புக் கொல்லையோ ஏரிக்கரையோ பயிற்சி இடமாகாது. மண்மேடும் கண்காணிப்பும் உள்ள சுடுதளத்தில் மட்டுமே சுட வேண்டும். காதுக் காப்பும் கண்ணாடியும் அணிய வேண்டும். ஊசி அடித்தும் வெடிக்கவில்லையென்றால் முனையை இலக்கை நோக்கியே அரை நிமிடம் வைத்திருங்கள், தாமதமாகப் பற்றக்கூடும். குண்டு ஈயம், பற்றுமருந்திலும் ஈயம் உண்டு. சுட்ட பின் கை கழுவாமல் உணவைத் தொடாதீர்கள். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்க வேண்டும். இதில் குழந்தைகள் உள்ள வீடு, இல்லாத வீடு என்ற வேறுபாடு கிடையாது.

வாங்கும் முன்

வெறும் துப்பாக்கியை ட்ரிக்கர் இழுத்துப் பழகுவது நல்ல பயிற்சிதான். ஆனால் பல .22 துப்பாக்கிகளில் தோட்டா இல்லாதபோது ஊசி அறையின் விளிம்பில் மோதி அதைச் சிதைத்துவிடும். போலித் தோட்டா இட்டுப் பழகலாமா என்று செய்முறை நூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து, 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில் பழகுங்கள். அரைக் கிராம் ஈயக் குண்டை 150 மீட்டர் வேகத்தில் செலுத்தும் அதன் ஆற்றல் 6 ஜூலுக்கும் குறைவு. உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. குறி, மூச்சு, விரல் மூன்றும் அங்கேயே படிந்துவிடும். 1951-ல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டிகளிலும் இதற்குத் தனி இடம் உண்டு. சில மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லையென்றால் கிளப்பின் .22 துப்பாக்கிகள் இரண்டு மூன்றைச் சுட்டுப் பாருங்கள்.

பிறகு வாங்கும் ஒன்று இப்படி இருக்கட்டும்: ஒரு கிலோவை ஒட்டிய எடை, 5 அல்லது 6 அங்குலக் குழல், திருகி நகர்த்தும் பின்குறி, ஒரு கிலோவுக்குச் சற்று மேலான சுத்தமான ட்ரிக்கர், உங்கள் கைக்கு அமைந்த பிடி. இந்த ஐந்தும் உள்ள ஒரு துப்பாக்கி பல ஆண்டுகளுக்குப் போதும். இரண்டாவது துப்பாக்கிக்கு ஆகும் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள். புள்ளிகள் அதில்தான் கூடும்.