வேலைக்குச் செல்லும் சைக்கிளுக்குக் கவ்வுப் பெடல் ஏற்றதா?

சைக்கிள் ஓர் எளிய யந்திரம். மனிதனுடைய தசைகளின் சக்தி அந்த யந்திரத்தினுள் புகும் வாயில் பெடல் ஒன்றேயாகும். இருக்கையும் கைப்பிடியும் உடலைத் தாங்குகின்றனவே அன்றி, சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. ஆகவே, பெடலை மாற்றினால் சவாரி எளிதாகிவிடும் என்ற எண்ணம் பலருக்கும் எழுவது இயற்கையே. ஒரு காலத்தில் பந்தய வீரர்களிடம் மட்டுமே காணப்பட்ட, பாதணியைக் கவ்விப் பிடிக்கும் பெடல்கள், இன்று நாள்தோறும் வேலைக்குச் செல்வோரின் சைக்கிள்களிலும் இடம் பெற்றுள்ளன. இவற்றால் விளையும் நன்மை யாது, அபாயம் யாது, வாங்க விரும்புவோர் எதைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் ஆராய்ச்சிக்குப் பெங்களூரின் தென்புறத்தில், ஓசூர் சாலையில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியை உதாரணமாகக் கொள்வோம். 1978-ஆம் ஆண்டில் கர்நாடக அரசைச் சேர்ந்த கியோனிக்ஸ் நிறுவனம், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் அமைத்த தொழிற்பேட்டை அது. சில்க் போர்டு சந்திப்பிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2010-இல் இவ்விரண்டையும் இணைக்கும் உயர்மட்டச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடமும் இயங்கத் தொடங்கியது. எனினும், கீழே உள்ள சாலையில் பஸ்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கமாகச் செல்கின்றன. அவற்றின் இடையே சைக்கிளில் செல்பவர் அடிக்கடி நின்று, காலை ஊன்றி, மீண்டும் புறப்பட வேண்டியவராகிறார். இந்த ஒரு நிலைமையை மனத்தில் இருத்தினால் பெடலைப் பற்றிய பல ஐயங்கள் தாமே தீர்ந்துவிடும்.

பெயரும் வரலாறும்

இப்பெடல்களுக்குக் கடைகளில் வழங்கும் பெயர் ‘கிளிப்லெஸ்’ என்பதாகும். கிளிப் இல்லாதது என்பது இதன் பொருள். பாதத்தை நன்றாகக் கவ்விப் பிடிக்கும் சாதனத்திற்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? முன்னர்ப் பந்தய வீரர்கள் பெடலின் முன்புறத்தில் ஓர் உலோகக் கூட்டைப் பொருத்தி, அதனுள் கால் விரல்களை நுழைத்து, தோல் வாரினால் இறுக்கிக்கொண்டனர். அக்கூட்டிற்கே கிளிப் என்று பெயர். அது நீக்கப்பட்டமையால் புதிய பெடல் கிளிப் இல்லாத பெடல் ஆயிற்று. பொருள் விளங்கும் பொருட்டு நாம் இதனைக் ‘கவ்வுப் பெடல்’ என்றே குறிப்பிடுவோம்.

1970-களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் இவ்வகைப் பெடல் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் பாதணியை விடுவிக்கவேண்டுமாயின், சவாரி செய்பவர் குனிந்து ஒரு சிறு நெம்புகோலைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. இக்குறையால் அது பரவவில்லை. பனிச்சறுக்குப் பலகையில் பாதணியைப் பிணைக்கும் சாதனங்களைச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமாகிய லுக், 1984-இல், காலைத் திருப்பினாலே விடுபடும் பெடலை உருவாக்கியது. மறு ஆண்டில் பெர்னார்டு இனோல்ட் அதனை உபயோகித்துப் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் வெற்றி பெற்றார். 1990-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் எஸ்.பி.டி. என்னும் சிறிய அமைப்பை வெளியிட்டது. பாதணியுடன் நடக்கவும் இயலவேண்டும் என்ற நோக்கம் அதில் நிறைவேறியது. இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. காலைப் பிடிப்பது எளிது. தக்க தருணத்தில் விடுவிப்பதே கடினம்.

அமைப்பு

பாதணியின் அடியில், பெருவிரலின் அடிமூட்டிற்கு நேராக, ‘கிளீட்’ எனப்படும் ஒரு சிறு தகடு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். பெடலின் முன்புறத்தில் நிலையான கொக்கியும், பின்புறத்தில் வில்லினால் இயங்கும் தாடையும் உள்ளன. கிளீட்டின் முனையை முன்கொக்கியில் செருகி அழுத்தினால், பின்தாடை விலகி, பின்னர் மூடிக்கொள்கிறது. குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பும்பொழுது கிளீட் தாடையைத் தள்ளித் திறந்து விடுபடுகிறது. நேர் மேலாகவோ பின்னாகவோ இழுத்தால் சாதாரணமாக விடுபடாது.

இங்கு ஆசிரியர்கள் நெம்புகோல் தத்துவத்தை விளக்கலாம். கிளீட்டிற்கும் குதிகாலுக்கும் இடையே உள்ள தூரமே நெம்புகோலின் கரம். தாடையைத் திறக்க 10 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும் என்றும், அக்கரத்தின் நீளம் 17 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். அப்பொழுது குதிகாலில் செலுத்தவேண்டிய விசை ஏறத்தாழ 59 நியூட்டன். அதாவது, 6 கிலோகிராம் எடைக்குச் சமம். வில்லைத் தளர்த்தினால் இதுவும் குறையும்.

மேலே இழுப்பதால் பயன் உண்டா?

கவ்வுப் பெடலினால் காலை மேலே இழுத்தும் சக்தி பெறலாம் என்பது இதற்கு ஆதரவாகப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சமதளத்தில், காற்றில்லாத வேளையில், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து அமர்ந்து செல்பவருக்குச் சுமார் 70 வாட் சக்தி போதும். அவர் நிமிடத்திற்கு 60 முறை மிதிக்கிறார். பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர். இவற்றிலிருந்து, சுற்று முழுவதற்கும் சராசரியாகப் பெடலில் செலுத்தவேண்டிய விசை ஏறத்தாழ 65 நியூட்டன், அதாவது 6½ கிலோகிராம் எடை என்று கிடைக்கிறது. அழுத்தம் உச்சமடையும் கணத்திலும் இதைப்போல் ஏறத்தாழ இருமடங்குதான் வேண்டும். அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவருடைய ஒரு காலின் எடையே சுமார் 10 கிலோகிராம் இருக்கும். ஆகவே இவ்வேகத்தில் கீழ்நோக்கி மிதிப்பதே போதுமானது. மேலே இழுக்கவேண்டிய அவசியம் எழுவதில்லை.

பரிசோதனையும் இதனை உறுதிப்படுத்துகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஓட்டப் பாதணியுடன் தட்டைப் பெடலை மிதித்தபொழுதும், கவ்வுப் பெடலை மிதித்தபொழுதும், சீரான வேகத்தில் உடல் செலவழித்த சக்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், முழு பலத்துடன் குறுகிய தூரம் பாயும்பொழுது கவ்வுப் பெடல் அதிகச் சக்தியைத் தருகிறது என்பது பின்னர் நிகழ்ந்த ஆய்வில் தெரியவந்தது. அது பந்தயத்திற்கு உரிய நன்மை. அலுவலகம் செல்பவருக்கு இப்பெடலினால் கிடைக்கும் மெய்யான பயன் வேறு: மழையிலும், குண்டும் குழியுமான சாலையிலும் பாதம் வழுக்காமல், எப்பொழுதும் ஒரே இடத்தில் நிற்கிறது.

நிற்கும் கணத்தின் அபாயம்

நின்ற சைக்கிளும் அதன்மேல் அமர்ந்தவரும் தலைகீழாக நிறுத்திய ஊசலைப் போன்றவர்கள். சாயத் தொடங்கியபின் மீளமுடியாத நிலையை எட்ட ஒரு வினாடிக்குச் சற்று முன்பின் ஆகலாம். தட்டைப் பெடலில் பழகியவர் அந்த வினாடியில் காலை நேராகத் தூக்குவார். பல ஆண்டுப் பழக்கம் அது. கவ்வுப் பெடலோ நேராகத் தூக்கினால் விடுவதில்லை. ஆகவே அவர் காலூன்ற இயலாமல் பக்கவாட்டில் விழுகிறார். ஆளற்ற மைதானத்தில் இது முழங்கைச் சிராய்ப்புடன் முடியும். பஸ்ஸின் பின்சக்கரத்தின் அருகில் எவ்வாறு முடியும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஒருவர் போகும்பொழுது இருபது முறையும், திரும்பும்பொழுது இருபது முறையும் நிற்கிறார் என்று கொள்வோம். ஆண்டிற்கு 250 வேலை நாட்களில் அவர் காலைப் பத்தாயிரம் முறை விடுவிக்கவேண்டும். அவற்றுள் ஒரு முறை தவறினாலும் போதும். ஆதலால், வாங்க எண்ணுபவர் முதலில் ஒரு வார காலம் தம் பாதையில் எத்தனை முறை நிற்கிறோம் என்பதை எண்ணிக் குறித்துக்கொள்வது நலம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று போல்ட்டுகளால் பொருத்தப்படும் பெரிய பிளாஸ்டிக் கிளீட் பந்தயத்திற்கு உரியது. அது பாதணியின் அடியில் துருத்தி நிற்பதால் நடக்கையில் வழுக்கும், விரைவில் தேயும். அலுவலகத்தின் பளிங்குத் தரையிலும் மெட்ரோ நிலையத்தின் படிகளிலும் அதனுடன் நடப்பது தகாது.

இரண்டு போல்ட்டுகளால் பொருத்தப்படும் சிறிய உலோகக் கிளீட், பாதணியின் அடிப்பள்ளத்தினுள் அமைந்துவிடுவதால் நடப்பதற்கு இடையூறு குறைவு. வேலைக்குச் செல்வோர் இவ்வகையையே நாடவேண்டும். இதிலும் ஒரு பக்கம் கவ்வும் அமைப்பும் மறுபக்கம் தட்டையுமாக உள்ள பெடல் மிகப் பொருத்தமானது. நெரிசலில் தட்டைப் பக்கத்தையும், திறந்த சாலையில் கவ்வும் பக்கத்தையும் உபயோகிக்கலாம். சாதாரணச் செருப்புடனும் கடைக்குச் சென்று வரலாம். புறப்படும்பொழுது வேண்டிய பக்கத்தைக் காலால் தேடவேண்டியிருப்பது இதன் ஒரே தொல்லை.

கிளீட்டிலும் இருவகை உண்டு. பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடுபடுவது ஒன்று. பல திசைகளில் விடுபடுவது மற்றொன்று. புதிதாகப் பழகுவோருக்கு இரண்டாவதே நல்லது. இவ்வகைப் பெடல்கள் பலவற்றில் ஒளி பிரதிபலிப்பான் இராது. இரவில் மேலும் கீழும் அசையும் அந்த மஞ்சள் ஒளி, பின்வரும் ஓட்டுநருக்குச் சைக்கிளை உடனே அடையாளம் காட்டுவதாகும். ஆகவே பிரதிபலிப்பான் பொருத்தக்கூடிய பெடலைக் கேட்டு வாங்குக. இல்லையேல் கணுக்காலில் பிரதிபலிக்கும் பட்டையை அணிக.

பொருத்துதலும் பழகுதலும்

பெரியவர்களுக்கான இக்காலச் சைக்கிள்களில் பெடல் மரையின் விட்டம் பெரும்பாலும் 9/16 அங்குலம். இடப்புறப் பெடலின் மரை இடமரை என்பதை மறக்கலாகாது. பொருத்தும்பொழுது மரையில் சிறிது கிரீஸ் தடவுக.

கிளீட், பாதத்தின் இயல்பான கோணத்தை ஒட்டி அமையவேண்டும். கோணலாக அமைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் முறுக்கப்பட்டு வலி உண்டாகும். கிளீட்டின் போல்ட்டுகள் இறுக்கமாக இருத்தல் அதனினும் முக்கியம். ஒரு போல்ட் கழன்று விழுந்துவிட்டால், காலைத் திருப்பும்பொழுது பாதணி மட்டும் கிளீட்டின்மேல் சுழலுமேயன்றி, கிளீட் பெடலைவிட்டு விடுபடாது. தேர்ந்தவரையும் வீழ்த்தக்கூடிய கோளாறு இது. மாதம் ஒரு முறை போல்ட்டுகளைச் சோதித்தல் அவசியம். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. அப்பொழுது கிளீட்டில் சேறு அடைந்து, சரியாக மாட்டாமலும் விடுபடாமலும் போகலாம். சேற்றை அகற்றி, தாடையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுக.

வில்லை முதலில் மிகவும் தளர்ந்த நிலையில் அமைக்கவேண்டும். சுவரைப் பிடித்தவாறு சைக்கிளின்மேல் அமர்ந்து, ஒவ்வொரு காலையும் ஐம்பது முறை மாட்டி விடுவித்துப் பழகுக. பின்னர் ஆளற்ற மைதானத்தில் சில நாட்கள் ஓட்டுக. அதன் பிறகே சாலைக்கு வருக. நிற்கவேண்டிய இடத்திற்கு இருபது, முப்பது மீட்டர் முன்னரே இடது காலை விடுவித்துவிடவேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்கின்றன. இடப்புறம் சாய்பவர் சாலையின் ஓரத்திலும், வலப்புறம் சாய்பவர் போக்குவரத்தின் நடுவிலும் விழுவார்.

முடிவு

நெடுந்தூரம் தடையின்றிச் செல்பவருக்குக் கவ்வுப் பெடல் உதவும். எலெக்ட்ரானிக் சிட்டியின் நெரிசலில் செல்பவருக்கு ஒருபக்கக் கவ்வுப் பெடல் போதும். கிராமங்களில் அடிக்கடி இறங்கி வயல் வரப்பில் நடக்கவேண்டிய களப்பணியாளருக்கும், செருப்பணிந்து பள்ளிக்குச் செல்லும் ஆசிரியருக்கும், நன்றாகப் பற்றும் பரப்புடைய அகன்ற தட்டைப் பெடலே சிறந்தது. அதனால் அவர்கள் சக்தியில் இழப்பது ஏதுமில்லை என்பதை மேலே கண்டோம். பெடலைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, எவ்வளவு வேகமாகச் செல்லலாம் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு விரைவில் காலைத் தரையில் ஊன்றலாம் என்று கேட்பதே அறிவுடைமையாகும்.