நஷ்டஈட்டில் வக்கீலுக்குப் பங்கு உண்டா?

வைட்ஃபீல்ட் கன்டெய்னர் டிப்போவுக்கு வரும் லாரிகளும், கம்பெனி பஸ்களும், கட்டட வேலைக்குப் போகும் தமிழர்களின் சைக்கிள், மொபெட்டுகளும் ஒரே சாலையைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அடிபடுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் கட்டிலருகே, முகம் தெரியாத ஒருவர் பழம் வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார். "கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது பைசா தரவேண்டாம். வரும் பணத்தில் நூற்றுக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்" என்பார். எழுதாத தாளில் கையெழுத்தும் கேட்பார். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது தெய்வ வாக்காகத் தோன்றும்.

ஆனால் வழக்கில் கிடைக்கும் பணத்தில் வக்கீல் பங்கு கேட்கக்கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

தெலங்கானாவில் ஒரு பெண்ணின் கணவர் 1998-ல் சாலை விபத்தில் இறந்தார். நஷ்டஈடு கிடைத்தது. வக்கீலுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்த பிறகும், சதவிகிதக் கணக்கில் மேலும் 3 லட்சத்துக்கு அந்தப் பெண்ணிடம் 'செக்' வாங்கப்பட்டது. வங்கியில் பணம் இல்லாமல் 'செக்' திரும்பியதும், கணவனை இழந்த அந்தப் பெண்மீதே கிரிமினல் வழக்கு! ஐகோர்ட்டு வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. தீர்ப்புத் தொகையில் சதவிகிதம் கேட்பது பொதுநலக் கொள்கைக்கு விரோதம், வக்கீல் தொழிலுக்கு ஒழுங்கீனம் என்று நீதிபதிகள் கூறினார்கள்.

வக்கீலுக்கு உரிய பீஸ் கொடுக்கத்தான் வேண்டும். அதை முன்கூட்டியே பேசி, எழுதி வாங்கிக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

இரண்டு வழக்கு

லாரி டிரைவர் குடித்திருந்தால் (100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம்) முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த வழக்கை அரசு வக்கீல் நடத்துவார். அபராதம் சர்க்காருக்குப் போகும், அடிபட்டவருக்கு வராது. நஷ்டஈட்டுக்குத் தனி மனு, தனிக் கோர்ட்டு. பெங்களூரில் சிறு வழக்குக் கோர்ட்டுகள் இதை விசாரிக்கின்றன.

தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் மனு போடவேண்டும் என்பதில்லை. மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். பிழைக்க வந்த இடத்தில் கணவனைப் பறிகொடுத்து ஊர் திரும்பிய பெண், வாய்தாவுக்கு வாய்தா பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

6 மாதத்துக்குள் மனு செய்யவேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு போயிருக்கிறது என்றாலும், அதை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், அதே நாளிலிருந்து இறப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50 ஆயிரமும் உண்டு.

பீஸ் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

போலீஸ் எப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருக்கும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். கன்னடம் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, வண்டி நம்பரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.